போவதா, இருப்பதா? மலையக இலக்கியத்தில் முடிவெடுக்கும் கணம்

மலையகத் தமிழிலக்கியம் பற்றி இதுகாறும் எழுந்த விமர்சனங்கள், அவ்விலக்கியத்தின் பொருளாக இரண்டினைச் சிறப்பாக எடுத்துக் கூறியுள்ளன. ஒன்று, தோட்டத்துச் சுரண்டல். மற்றையது, 1964 ஆம் ஆண்டு இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின் விளைவாய் நேர்ந்த பிரிவு. இவ்விரண்டும் முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயின் இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதொரு பொருள் உண்டு. அயல்நாடாகிய இந்தியாவுக்குப் போவதா, பிறந்த இலங்கையிலேயே இருப்பதா என ஒரு குடும்பம் தன்னுள் பேசி, கணக்கிட்டு, சச்சரவிட்டு, ஈற்றில் ஒரு விண்ணப்பப் படிவத்திற் கைந்நாட்டு இட்ட கணமே அது. எழுத்தாளர்கள் அதனைத் தொட்டுச் சென்றுள்ளனர். விமர்சகராகிய நாமோ அதனை ஒரு தனிப்பொருளாக நோக்கியதில்லை. அக்குறையை ஓரளவு நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெரிவு செய்யும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களின் தெரிவு பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் வினா இங்கு எழுதல் இயல்பே. அவ்வினாவை நாம் தட்டிக்கழிக்கவில்லை. சரித்திரத்தை முதலில் நோக்கினால் அதற்கான விடையும் ஓரளவு தெளிவாகும்.

1

சுதந்திரத்தையடுத்து இயற்றப்பட்ட 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், வம்சாவளிப் பிரஜாவுரிமையைத் தந்தை வழிப் பிறப்பின் மீது நிறுவியது. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலானோரிடம் அதனை நிறுவுதற்கான பத்திரங்கள் இருக்கவில்லை. மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 825,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவற்றின் வாயிலாகப் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் நீக்கியது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றிருந்தது என்பதையும், தலவாக்கலையிலிருந்து சென்ற பிரதிநிதி கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை என்பதையும் இங்கு நினைவு கூர்தல் தகும். மலையக இலக்கியத்தின் முன்னோடியே வாக்கிழந்த மக்களின் பிரதிநிதியாகவும் இருந்தார்.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், நாடற்றோர் தொகையை 975,000 எனக் கொண்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிக்கப்படும். அவ்வெச்சம் 1974 இல் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் யாவும் நிறைவேறுதல் வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு தொகையும் பூச்சியங்களில் முடிவதைக் கவனித்தல் வேண்டும். மனிதரை எண்ணிப் பெற்ற தொகைகள் இவ்வாறு முடிவதில்லை. பங்கு பிரிக்கும்போதே இவ்வாறு முடிகின்றன.

தொகை முந்திற்று; விருப்பம் பிந்திற்று. ஒப்பந்தம் கைச்சாத்தாகி மூன்றரை ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1968 மே மாதம் முதல் 1970 ஏப்ரல் 30 ஆம் திகதி வரை, விண்ணப்பங்கள் கோரப்பட்டன. இடைப்பட்ட காலப் பிறப்புக்களும் சேர, இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டி ஏறத்தாழ 700,000 பேர் சார்பிலும், இந்தியப் பிரஜாவுரிமை வேண்டி ஏறத்தாழ 400,000 பேர் சார்பிலும் விண்ணப்பங்கள் வந்தன. இரு அரசுகளும் வகுத்த விகிதத்தை மக்கள் தலைகீழாக மாற்றிவிட்டனர். இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் நிரம்பவில்லை. இலங்கைக்கென ஒதுக்கப்பட்டவற்றைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்டோர் இங்கேயே இருக்க விழைந்தனர்.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இங்குதான் உளது. சுதந்திரமான தெரிவு அம்மக்களுக்கு இருக்கவில்லை. ஆயினும் ஒடுக்கப்பட்ட எல்லைக்குள் அவர்கள் ஒரு முடிவை எடுத்தனர். அம்முடிவு அதிகாரத்தின் கணக்குக்கு மாறாகவும் இருந்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகம் கூட்டாக எழுதிய மிகப் பெரிய பிரதி அவ்விண்ணப்பப் படிவங்களே எனலாம். அப்பிரதியை இலக்கிய மாணவர் எவரும் இன்னும் படிக்கவில்லை.

2

முடிவு எடுப்பதற்கு மொழி வேண்டும். மலையக மக்களின் பேச்சு வழக்கில் மூன்று சொற்கள் இத்தொடர்பில் ஆராயத்தக்கன. 'ஊர்' என்றால் அவர்களுக்குத் தமிழகத்தில் மூதாதையர் விட்டுவந்த கிராமம். 'நாடு' என்றால் தோட்டத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமம். அங்கு வாழ்பவர் 'நாட்டாள்'. தாம் பிறந்து, உழைத்து, மாண்டு புதையும் இடமோ 'தோட்டம்'. ஊரும் நாடும் பிறருடையன, எஞ்சியது தோட்டம். அத்தோட்டமும் துரைக்கோ கம்பனிக்கோ உரியது. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் பின்னர் அரசுக்கு உரியதாயிற்று.

'எந்த ஊர்?' என்னும் வினாவுக்குத் திருச்சி மாவட்டத்திலோ சேலத்திலோ உள்ள, கண்ணாற் கண்டிராத ஒரு கிராமத்தின் பெயரைக் கூறும் வழக்கம் மூன்றாந் தலைமுறையிலும் இருந்தது. இதனைக் கொண்டு, இம்மக்களின் மனம் இந்தியாவிலேயே இருந்தது என வாதித்தோர் உளர். சொல்லின் பொருளை வாழ்வின் பொருளாக மயங்கியதன் விளைவு அது. ஊர் என்னும் சொல் கடலுக்கு அப்பால் நின்றது. உடலும் உழைப்பும் உறவும் இப்பால் நின்றன. 700,000 பேர் தம் சொல்வழக்கையும் மீறி இலங்கை என்று எழுதினர். மொழி பின்தங்கி நிற்க, பிரக்ஞை முன்சென்றது. இம்முரணே மலையகப் படைப்பாளிக்குக் கிடைத்த மிக ஆழமான பொருள். இம்மக்கள் தம்மை இந்தியத் தமிழர் என்னாது மலையகத் தமிழர் என அழைக்கத் தொடங்கியமையும், இலக்கியம் மலையக இலக்கியம் எனப் பெயர் பெற்றமையும், பின்தங்கி நின்ற மொழி பிரக்ஞையை எட்டிப்பிடித்த நிகழ்ச்சிகளாகவே கொள்ளப்படல் வேண்டும்.

3

புறப்பாட்டுக்கு முந்திய தயக்கத்தைப் பொருளாகக் கொள்ளுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பாலைத் திணையிற் 'செலவழுங்கல்' என்றொரு துறை உண்டு. பொருள்வயிற் பிரிய எண்ணிய தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு செலவினை ஒத்திவைப்பான். அவ்வாறு அழுங்குதல் போகாதொழிதல் ஆகாது, அவளை ஆற்றுவித்துப் பின் போதற்பொருட்டே எனத் தொல்காப்பியம் விளக்கம் தரும். அகப்பாடல்கள் பலவற்றின் ஆற்றல், தலைவன் தன் நெஞ்சோடு நடத்தும் வாதத்தில் உள்ளது. பொருளின் தேவை ஒருபுறம், உறவின் பிணிப்பு மறுபுறம் என இரண்டையும் நிறுத்துப் பார்க்கும் மனம் அங்கு பேசுகின்றது. பழந்தமிழ்க் கவிதை, புலம்பலுக்கு இடமளித்ததைப் போலவே கணக்குக்கும் இடமளித்தது.

இம்மரபை மலையகத்தின் மீது அப்படியே பொருத்திவிடலாம் என நாம் கூறவில்லை. வேறுபாடுகள் அடிப்படையானவை. பாலைத் தலைவன் மீள்வான். மீளும் பருவத்தையும் குறித்துச் செல்வான். தலைமன்னாரிற் கப்பலேறியவருக்கு மீளும் பருவம் கிடையாது. பாலையிற் பிரிபவன் ஒருவன். இங்கு பிரிந்தது குடும்பம், சில வேளைகளிற் குடும்பத்தின் ஒரு பாதி. பாலையில் நெஞ்சோடு வாதிடுபவன் தலைவன் மட்டுமே. இங்கு பேரனும் பாட்டியும் மருமகளும் வாதிட்டனர். ஆயினும் ஒன்று பொது: முடிவுக்கு முந்திய மனத்தின் அசைவு இலக்கியத்துக்கு உரிய பொருள் என்பது. நவீன மலையக எழுத்து இதனை எவ்வாறு கையாண்டது என்பதே இனி வினா.

4

முதலில் வருவது வாய்மொழி மரபு. கண்டிச்சீமைக்கு வந்த கதையைத் தோட்டத்து நாட்டார் பாடல்கள் விரிவாகக் கூறுகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 இல் நூலாக வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இவ்வகையில் விலைமதிப்பற்றது. ஆள்கட்டும் கங்காணியின் பசப்பும், வழிநடைத் துன்பமும், வந்த பின் தெளிந்த ஏமாற்றமும் இம்மரபின் பொருள்கள். வருகையே ஒரு முடிவின் விளைவு என்பதையும், அம்முடிவு பொய்த் தகவலின் மீது எடுக்கப்பட்டது என்பதையும் இம்மக்கள் தாமே பாடி வைத்தனர். ஆகவே 1968 இற் படிவம் நீட்டப்பட்டபோது, 'அக்கரையில் நல்வாழ்வு' என்னும் வாக்குறுதியை அவர்கள் முதன்முறையாகக் கேட்கவில்லை.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இவ்விடத்திற் சிறப்பாக நோக்கத்தக்கது. தாழ்த்தப்பட்ட சாதியிற் பிறந்த மருதியைத் தோட்டத்துக்குத் தள்ளுவது கிராமத்தின் கொடுமை. தோட்டத்தில் அவளுக்காகக் காத்திருப்பது வேறொரு கொடுமை. இக்கதையைத் தோட்டத்துச் சுரண்டலின் சித்திரமாக மட்டும் படித்தோர் அதன் பாதியையே படித்தவராவர். 'ஊர்' என்னும் சொல்லைச் சுற்றியுள்ள ஏக்கத்தை உடைக்கும் வலிமை அக்கதைக்கு உண்டு. திரும்பிப் போவது என்றால் எதற்குத் திரும்பிப் போவது? சேரிக்கா? ஒப்பந்தம் எழுதுவோர் கேட்காத இவ்வினாவை, ஒப்பந்தத்துக்கு மூன்று தசாப்தங்களுக்கு முன்னரே ஒரு சிறுகதை கேட்டுவிட்டது.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964 இல், ஒப்பந்தம் கைச்சாத்தான அதே ஆண்டில் வெளிவந்தது. தமிழகக் கிராமத்திலிருந்து தோட்டத்துக்கு வந்து சேரும் பெண்ணொருத்தியின் வாழ்க்கையினூடாக வருகையின் சரித்திரத்தை அந்நாவல் கூறுகின்றது. தலைப்பு தமிழ்ப் பழமொழி ஒன்றிலிருந்து பிறந்தது. அப்பழமொழியின் முனை அடுத்த சில ஆண்டுகளில் எதிர்த்திசையிலே திரும்பியது. பாட்டனுக்கு இலங்கை தூரத்துப் பச்சை. பேரனுக்கு இந்தியா தூரத்துப் பச்சை. ஒரே நாவலை இரு திசைகளிலும் படிக்கலாம் என்பது ஆசிரியையின் முற்காணலன்று. சரித்திரம் நாவலுக்கு அளித்த இரண்டாம் பொருள் அது.

சி. வி. யின் ஆங்கிலக் கவிதை, சக்தீ பாலையாவின் மொழியாக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' ஆகித் தமிழுக்கு வந்தது. தேயிலைச் செடியின் அடியில், கல்லறையோ நடுகல்லோ இன்றிப் புதையுண்ட மூதாதையர் பற்றிய சித்திரம் அதன் உயிர்நிலை. அழகுணர்ச்சிக்காக மட்டும் அமைந்த படிமமன்று அது, ஒரு வாதம். சட்டம் பிறப்புப் பத்திரம் கேட்டது. கவிஞர் புதைகுழியைக் காட்டினார். பத்திரமற்றோருக்கு மண்ணே பத்திரம் என்னும் இவ்வாதம், இருப்பது என்னும் முடிவுக்கு மிக உயர்ந்த அறநியாயத்தை வழங்கியது. அதன் எல்லையையும் நாம் மறைத்தலாகாது. புதைகுழி ஒருவரை இருக்கச் சொல்லும். இருப்பதற்குரிய அரிசியை அது தராது.

அக்குறையை உரைநடை நிரப்ப முயன்றது. யோ. பெனடிக்ற் பாலனின் 'சொந்தக்காரன்' (1968), தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' (1979), சி. வி. யின் 'வீடற்றவன்' (நூலுருவில் 1981) ஆகிய மூன்று தலைப்புக்களையும் ஒருங்கு வைத்து நோக்குக. உடைமை, நாடு, வீடு என்னும் மூன்று வினாக்கள் அவற்றிலே தொடர்ந்து எழுகின்றன. படிவத்தில் இருந்த வினாக்களும் வேறல்ல. 'வீடற்றவன்' தோட்டத்திலே தொழிற்சங்கம் கட்ட முற்பட்ட தொழிலாளி ஒருவன் வேலையோடு இருப்பிடத்தையும் இழக்கும் கதை. லயத்துக் காம்பரா வேலையோடு பிணைக்கப்பட்டது. பற்றுச்சீட்டுக் கிடைத்தால் வீடும் போயிற்று. நாடற்றமை கொழும்பிலும் புதுடில்லியிலும் தோன்றுவதற்கு முன்னரே தோட்டத்தில் வீடற்றமையாக நிலவியது என்னும் உண்மையை இந்நாவல் புலப்படுத்துகிறது. ஆகவே தொழிலாளி நாட்டைப் பற்றிய முடிவை ஒருபோதும் நாட்டைப் பற்றியதாக மட்டும் எடுக்க இயலாது.

'நாமிருக்கும் நாடே' என்னும் தலைப்பு, பாரதி பாடலொன்றின் தொடரை நினைவூட்டி, ஈற்றில் ஓர் ஏகாரத்துடன் நின்றுவிடுகிறது. தேற்றம், வினா, பிரிநிலை என ஏகாரத்தின் பொருள்களை இலக்கண நூலோர் வகுத்துள்ளனர். இருக்க விரும்பிய இலட்சக்கணக்கானோருக்கு அது தேற்றம். சட்டத்தின் முன்னிலையில் அது வினா. கடவுச்சீட்டுக் கைக்கு வந்த நாளில் அது பிரிநிலை. ஒரு சமூகத்தின் அரசியல் நிலை முழுவதையும் ஓரெழுத்து இடைச்சொல் தாங்கி நிற்பதை வேறெங்கும் நாம் எளிதிற் காணோம்.

5

இவை முன்னோடி முயற்சிகள். ஆயின் 1970 களிலும் 1980 களிலும் தாயகம் திரும்புதல் பற்றி எழுந்த சிறுகதைகளையும் கவிதைகளையும் தொகுத்து நோக்குமிடத்து, ஒரு பொதுக் குறை தென்படுகின்றது. அவற்றுட் பல புகையிரத நிலையத்தில் தொடங்குகின்றன அல்லது அங்கு முடிகின்றன. அட்டனிலோ நானுஓயாவிலோ பதுளையிலோ கோச்சி புறப்படுகிறது, உறவினர் கதறுகின்றனர், ஒருவர் மயங்கி விழுகிறார். இக்காட்சி பொய்யன்று. தலைமன்னார், இராமேசுவரம், மண்டபம் முகாம் என்னும் வழியில் இலட்சக்கணக்கானோர் இவ்வாறே சென்றனர். 1984 இற் கப்பற் சேவை நின்றது வரை அக்கதறல் ஓயவில்லை. எனினும் புகையிரத நிலையத்தில் நாம் காண்பது முடிவின் விளைவையே. முடிவு லயத்துக் காம்பராவில், குப்பி விளக்கின் முன், பல மாதங்களுக்கு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. கண்ணீரை எழுதியவர் கணக்கை எழுதாது விட்டனர்.

அக்கணக்கில் யாவை இருந்தன? ஒப்பந்தத்தின்படி, தொழிலிலிருந்தோர் திருப்பியனுப்பப்படும் நாள் வரை அல்லது 55 வயது வரை தொழிலைத் தொடரலாம். செல்வோர் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் எடுத்துச் செல்லத்தக்க உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படலாகாது. வாழ்நாளில் ஒருபோதும் மொத்தமாகப் பணத்தைக் கண்டிராத குடும்பத்துக்கு இது அற்ப விடயமன்று. மூத்த மகளின் திருமணம், கிழவரின் நோய், தமிழகத்திற் பங்காளிகள் காணியில் இடம் தருவார்களா என்னும் ஐயம், இளையவனின் படிப்பு ஆகிய யாவும் நிறுக்கப்பட்டன. நாடற்றவராகவே நீடித்தால் அரச உத்தியோகம் இல்லை, காணிப் பங்கீட்டில் இடமில்லை என்பதும் நிறுக்கப்பட்டது. 1973 - 74 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் வன்செயல்கள் லயங்களையும் எட்டின. 1970 இல் ஏறத்தாழ 400,000 ஆக இருந்த இந்தியப் பிரஜாவுரிமை கோரியோர் தொகை பின்னர் 500,000 ஐத் தாண்டியமைக்கு இவையே விளக்கம். பசியும் தீயும் படிவம் நிரப்பின எனலாம். அவ்வாறு கூறும்போதும், பசித்தவர் சிந்தியாதவர் என்று பொருள்படுமாறு கூறிவிடக்கூடாது.

மூன்றாவதொரு வழியையும் சிலர் கண்டனர். 1977 இன் பின்னர் கணிசமான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறின. போவதா, இருப்பதா என்னும் அரசின் வினாவுக்கு அவர்கள் அளித்த விடை, வினாவின் சட்டகத்தையே மறுத்த விடையாகும். இருக்கும் நாட்டிலேயே வேறோரிடம் தேடிய அவர்கள், பின்னர் யுத்தத்தின் நடுவே அகப்பட்டு 2009 வரை பட்ட துன்பம் அவ்விடையின் மதிப்பைக் குறைப்பதன்று.

இக்கணக்கிற் பெண்ணின் பங்கு தனியே நோக்கற்பாலது. கொழுந்தெடுத்துத் தோட்டத்தின் வருவாயைப் பெருக்கியவள் அவளே. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', தன் உழைப்பின் அளவைச் சந்தேகித்தவர் முன் அதனை நிறுவிக் காட்டும் பெண்ணைப் படைத்து, அவ்வுழைப்பின் மாண்பை நமக்குக் காட்டியது. ஆயினும் சட்டம் தந்தை வழியையே வழியாகக் கண்டது. கணவனின் விண்ணப்பத்தில் அவள் ஒரு வரி. அவனுடைய 'ஊர்' அவளுடையதாகவும் கொள்ளப்பட்டது; அவளுடைய தாயும் உடன்பிறந்தாரும் இங்கேயே தங்க, அவள் போயிருக்கலாம். கொழுந்துக் கூடையின் நிறையைத் தானே நிறுவிய அப்பெண், படிவத்தின் முன் என்ன சொன்னாள்? இவ்வினாவுக்கு விடை கூறும் நாவல் ஒன்றேனும் தோன்றியிருத்தல் வேண்டும். இம்முடிவைப் பெண்ணின் நாவிலிருந்து கேட்கும் பெரும் படைப்பை நாம் இன்னும் எதிர்பார்த்தே நிற்கிறோம்.

6

குறையைப் படைப்பாளிகள் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. முற்போக்கு விமர்சனமும் இதற்குப் பொறுப்பு. தோட்டத் தொழிலாளியை நாம் ஒரு வகைமாதிரியாக்கினோம். ஒன்றில் அவன் ஒடுக்கப்பட்டவன், அன்றேல் போராளி. சேமலாப நிதியைக் கணக்கிட்டுப் பார்க்கும் தொழிலாளியையும், மகளின் திருமணத்துக்காகக் கடல் கடக்க உடன்படும் தந்தையையும், 'அங்கே சாதி பார்ப்பார்கள், நான் வரமாட்டேன்' என்று மறுக்கும் மகனையும் அந்த வகைமாதிரி ஏற்காது. அத்தகையோரைப் படைத்த எழுத்தாளரிடம் வர்க்க உணர்வு போதாது என்றோம். யதார்த்தத்தின் பெயரால் யதார்த்தத்தின் ஒரு பகுதியையே வெளியேற்றினோம்.

இதற்கு அரசியற் பின்புலமும் உண்டு. 1948 இல் இச்சட்டத்தை எதிர்த்து நின்ற இடதுசாரிகளுள் ஒரு பிரிவினராகிய இலங்கை சமசமாஜக் கட்சியினர், 1964 ஒக்டோபரில் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அதே அரசாங்கத்திற் பங்காளிகளாக இருந்தனர். வடக்கின் தமிழ் அரசியலோ 1949 இல் இப்பிரச்சினையின் மீதே பிளவுண்டது. பல்கலைக்கழகங்களில் இருந்து மலையகத்தை எழுதியோருட் பெரும்பாலானோர் மலையகத்தவர் அல்லர். நமக்காக முடிவெடுத்தவர்களைக் கடிந்துகொள்ளும் உரிமையை அம்மக்களுக்கு அளிக்காமல், அவர்களுக்காக அழும் உரிமையை நாமே எடுத்துக்கொண்டோம். அனுதாபமும் ஒருவகை மேலாதிக்கமாக முடியலாம் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெயரிடுதலிலும் இக்குறையைக் காணலாம். ஒரு சாரார் சென்றோரைத் 'தாயகம் திரும்பியோர்' என்றனர். பிறந்த மண்ணை விட்டுப் பிறவாத மண்ணுக்குச் சென்றவர் திரும்பியவர் ஆகார். மற்றொரு சாரார் 'நாடு கடத்தப்பட்டோர்' என்றனர். விண்ணப்பித்துச் சென்ற தந்தையை அவனுடைய பிள்ளைகளின் முன் வெறும் பொதியாக்கிவிடும் பெயர் அது. இங்கு 'கள்ளத்தோணி' என இகழப்பட்டவர் அங்கு 'சிலோன்காரர்' ஆயினர். நீலகிரியில் 1968 முதல் அவர்களுக்கென உருவான அரசு தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் மீண்டும் கொழுந்தெடுத்தனர். மீண்டும் வேலையோடு பிணைந்த குடியிருப்புக்களில் வாழ்ந்தனர். எடுத்த முடிவு சரியா பிழையா எனத் தீர்ப்பளிக்கத் துடிக்கும் விமர்சகர் இதனைக் கருத்திற் கொள்வாராக. இரு கரைகளிலும் கூடை ஒன்றே எனில், பிழை முடிவிலன்று, வினாவை வகுத்தோரிடத்தே உளது.

7

சட்டங்கள் பின்னர் மாறின. 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியிருந்தோருக்கு இலங்கைப் பிரஜாவுரிமையை வழங்கின. இறுதியாகக் கூறிய சட்டம், 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் கருதியது. எந்த நாளில் அவர்களைத் தொகையாக்கினார்களோ அதே நாளே அவர்களைப் பிரஜைகளாக்கும் நாட்கணக்குக்கும் தொடக்கமாயிற்று. முன்னர் விண்ணப்பித்துக் காத்திருந்து, சோர்ந்து, படிவத்தை மாற்றிப் போனவர்க்கு இச்செய்தி எவ்வாறு ஒலித்திருக்கும்? பொறுத்திருந்தால் இருந்திருக்கலாமே என்னும் எண்ணம் கோத்தகிரியிலோ கூடலூரிலோ ஒரு முதியவரின் நெஞ்சில் எழுந்திருக்காதா? அவ்வெண்ணத்துக்குரிய கதையும் எழுதப்படல் வேண்டும்.

மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை 2023 இல் நாம் நினைவுகூர்ந்தோம். நடைப்பயணங்களும் கருத்தரங்குகளும் நிகழ்ந்தன. வருகை பெரிதும் பேசப்பட்டது. புறப்பாடு சிறிது பேசப்பட்டது. இடையில் நிகழ்ந்த முடிவு பேசப்படவே இல்லை. படிவம் நிரப்பிய தலைமுறை இன்று எழுபது, எண்பது அகவையைக் கடந்துவிட்டது. அவர்களுட் பலர் மறைந்துவிட்டனர். எஞ்சியோரை இரு கரைகளிலும் சந்தித்து, 'ஏன் போனீர்கள், ஏன் இருந்தீர்கள், வீட்டில் யார் என்ன சொன்னார்கள்' எனக் கேட்டுப் பதிவு செய்தல் தமிழ்த் துறைகளின் உடனடிக் கடமையாகும். நாட்டார் பாடல்களைச் சி. வி. தனியொருவராகத் தொகுத்தார். அவருக்கு இருந்த வசதிகளைவிட நமக்கு அதிக வசதிகள் உண்டு.

அவ்வாய்மொழிச் சான்றுகள் கிடைக்குமிடத்து, மலையக இலக்கியத்தின் மதிப்பீடும் மாறுதல் கூடும். அழுகை மிகுந்த சில படைப்புக்கள் இறங்கலாம். கணக்கும் தயக்கமும் சச்சரவும் கொண்ட, நாம் முன்னர் அலட்சியம் செய்த சில கதைகள் உயரலாம். அம்மாற்றத்துக்கு நாம் அஞ்சவேண்டியதில்லை. தம் வாழ்வைத் தாமே நிறுத்துப் பார்த்த மனிதர்களாக அம்மக்களை ஏற்பதற்கு அது வழிவகுக்கும். முற்போக்கு விமர்சனம் அவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடன் அது. செலுத்துவதற்குரிய காலம் மிகக் குறுகியது.